பட்டோலையும் ஆய்வேடும்

முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு ஒப்படைக்கும் மாணவர் அதன் முகப்பில் இரண்டு தாள்களைச் சேர்த்துக் கட்டுகிறார். ஒன்று, இவ்வேடு தம்முடைய சொந்த உழைப்பில் உருவானது என்றும் பிறர் எழுதியதைத் தமதாக்கிக்கொள்ளவில்லை என்றும் அவர் கையொப்பமிடும் உறுதிமொழி. மற்றொன்று, அது தம் மேற்பார்வையில் எழுதப்பட்டது என நெறியாளர் தரும் சான்றிதழ். இவ்விரண்டு தாள்களையும் முப்பது ஆண்டுக்காலம் இடைவிடாது பார்த்துவந்தவன் அடியேன். பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களைப் பற்றிய ஆய்வேடு ஒவ்வொன்றிலும் முதல் தாளைப் புரட்டும்போது உள்ளே சிறிது உறுத்தும். ஆசார்யர்கள் சொன்னதன்றி நானாக ஒன்றும் சொன்னதில்லை என்பதைப் பெருமையாகக் கருதிய ஒரு மரபைப் பற்றி எழுதும் மாணவர், இதில் உள்ளதெல்லாம் என்னுடையதே என்று கையொப்பமிட்டே உள்ளே நுழையவேண்டியிருக்கிறது.

இந்த உறுத்தல் வெறும் மனத்தோற்றமா, அல்லது இரண்டு கல்விமுறைகளுக்கிடையே மெய்யாகவே உள்ள பிணக்கா என்பதை அறிய, நம் மரபில் ஒரு நூல் எழுதப்பட்டு ஆசார்யனிடம் ஒப்படைக்கப்பட்ட வரலாறுகளைச் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். பின்பழகிய பெருமாள் ஜீயர் அருளிய ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம், மணவாள மாமுனிகளின் உபதேசரத்தினமாலை, பிள்ளைலோகம் ஜீயரின் யதீந்த்ரப்ரவணப்ரபாவம் ஆகியவற்றாலும், பெரியோர் காலக்ஷேபங்களில் சொல்லிவரும் ஐதிஹ்யங்களாலும் இவ்வரலாறுகள் நமக்குக் கிடைக்கின்றன. கல்வெட்டைப் போல நாள், கிழமை கூறும் சான்றுகள் அல்ல இவை. ஆயினும், ஒரு நூல் எவ்வாறு பிறக்கவேண்டும் என்று இம்மரபினர் எண்ணினார்கள் என்பதற்கு இவற்றினும் நல்ல சான்று வேறில்லை.

முதலில் எம்பெருமானார் மாணவராக இருந்த காலத்தைப் பார்ப்போம். திருவாய்மொழியின் பொருளை அவர் திருமாலையாண்டான் ஸந்நிதியில் கேட்டுவந்தார். ஆளவந்தாரிடம் தாம் கேட்டபடியே ஆண்டான் சொல்லிவர, எம்பெருமானார் சில பாசுரங்களுக்கு வேறு பொருளும் தோன்றுகிறது என்று விண்ணப்பம் செய்தார். இரண்டாம் பத்தில் மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்துக்கு வந்தபோது பிணக்கு முற்றிற்று. அறிவு தந்த எம்பெருமான் பின்பு உடம்போடே பிணைத்து வைத்தானே என்ற வருத்தமாக அப்பாசுரத்தை ஆண்டான் நிர்வஹித்தார். முன்னும் பின்னும் உகப்பாகவே செல்லும் பதிகத்தின் நடுவே இழவு பேசுவது சேராது என்றும், அறியாத காலத்திலே அடிமையில் அன்பை விளைத்தானே என்ற நன்றியாகவே கொள்ளவேண்டும் என்றும் எம்பெருமானார் கூறினார். ஆளவந்தாரிடம் கேட்டறியாத பொருளைச் சொல்வது விச்வாமித்ரர் வேறு ஒரு படைப்பைத் தொடங்கியது போலாகும் என்று கூறி ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார்.

இக்காலத்துச் சொற்களில் சொன்னால், இது நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையே மூண்ட பிணக்கு; ஆய்வாளர் சொன்னது புதுமையாக இருந்தது என்பதே குற்றச்சாட்டு! செய்தி கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளினார். அப்பொருளைத் தாம் ஆளவந்தாரிடமே கேட்டதுண்டு என்று அவர் சான்று கூறிய பின்னரே காலக்ஷேபம் மறுபடி தொடங்கிற்று. ஸாந்தீபனியிடம் கண்ணன் கற்றது போன்றதே இவர் உம்மிடம் கற்பது என்றும் ஆண்டானுக்குச் சொன்னாராம். பின்னரும் ஒருமுறை எம்பெருமானார் வேறு பொருள் கூற, ஆளவந்தாரை நேரில் சேவித்தறியாத நீர் இதை அறிந்தது எங்ஙனே என்று ஆண்டான் கேட்டார். ஆளவந்தாருக்கு அடியேன் ஏகலவ்யன் என்பது எம்பெருமானார் தந்த மறுமொழி.

இவ்வரலாற்றில் எம்பெருமானாரின் ஏற்றத்தையே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அடியேனுக்கு இதைவிட வியப்பாகத் தோன்றுவது பின்னே நடந்ததுதான். ஆண்டான் சொன்ன நிர்வாஹம் கழிக்கப்படவில்லை. ஈட்டில் அந்தப் பாசுரத்தை எடுத்துப் பார்ப்பவர் இரண்டு நிர்வாஹங்களையும் காண்பர். யார் எதைச் சொன்னார் என்பதும் பெயரோடு நிற்கிறது. ஏற்கப்பட்ட பொருளோடு, ஏற்கப்படாத பொருளையும் அதைச் சொன்னவர் திருநாமத்தையும் சேர்த்துக் காத்துவைத்த உரைமரபு இது.

இந்த ஆசார்யர் தாம் நூல் செய்தபோது எப்படி நடந்துகொண்டார் என்பது எல்லாரும் அறிந்ததே. ஸ்ரீபாஷ்யத்தைப் பட்டோலை கொள்ளும் பணியைக் கூரத்தாழ்வானிடம் ஒப்புவித்து, தமக்கு இசையாத இடம் வந்தால் எழுதாமல் நிறுத்திவிடும்படி நியமித்தார். ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்லும் இடத்தில், சேஷத்வம் விடப்பட்டு அறிவுடைமை மட்டும் சொல்லப்பட்டபோது, ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தினார். உடையவர் முதலில் சீறிப் பின்பு தெளிந்தார். பட்டோலை கொள்பவருக்கே தேர்வாளரின் அதிகாரத்தையும் கொடுத்த இந்த ஏற்பாட்டுக்கு இணையான ஒன்று இன்றைய ஆய்வு விதிகளில் இல்லை. ஏற்பட்டாலும் நெறியாளர்கள் எத்தனை பேர் தாங்குவோம் என்பது வேறு பேச்சு.

திருவாய்மொழிக்கு மட்டும் உடையவர் தாமே உரை எழுத இசையவில்லை. தாம் எழுதினால் அப்பாசுரங்களின் பொருள் இவ்வளவே என்று பின்புள்ளார் எல்லை கட்டிவிடுவார்கள் என அஞ்சினார் என்பர். ஆகவே திருக்குருகைப்பிரான் பிள்ளானை நியமித்தார், ஆறாயிரப்படி பிறந்தது. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவான ஆறாயிரம் கிரந்தத்தை ஒட்டி இதன் அளவு அமைந்தது. ஸ்ரீபாஷ்யத்தின் அளவை ஒட்டி ஒன்பதினாயிரமும், ஸ்ரீராமாயணத்தின் அளவை ஒட்டி இருபத்துநாலாயிரமும், ச்ருதப்ரகாசிகையின் அளவை ஒட்டி முப்பத்தாறாயிரமும் பின்னர் வந்தன. பக்கக் கணக்குக்கு அஞ்சும் இன்றைய மாணவர் இதைக் கேட்டால் சற்று ஆறுதல் பெறுவர்.

இவ்விடத்தில் உபதேசரத்தினமாலையை ஊன்றிப் பார்க்கவேண்டும். ஐந்து வ்யாக்யானங்களின் பிறப்பையும் மாமுனிகள் அடுத்தடுத்த வெண்பாக்களில் சொல்லுகிறார். பிள்ளான் உரை எதிராசருடைய பேரருளால் வந்தது என்கிறார். நஞ்சீயர் உரை பட்டருடைய அருளால் வந்தது என்கிறார். பெரியவாச்சான் பிள்ளையின் உரை நம்பிள்ளை ஏவ எழுந்தது என்கிறார். ஆனால் வடக்குத் திருவீதிப்பிள்ளையின் ஈட்டைச் சொல்லும்போது, நம்பிள்ளை செப்பிய நெறியை உரைத்தது என்ற அளவிலே நிறுத்திக்கொள்கிறார்; ஏவினார் என்ற சொல் அங்கே இல்லை. வாதிகேஸரி அழகிய மணவாளச் சீயரின் பன்னீராயிரத்துக்கு அவருடைய பெரிய அறிவே காரணமாகச் சொல்லப்படுகிறது. மூன்றுக்கு அநுமதியைச் சொல்லி, இரண்டுக்குச் சொல்லாமல் விட்டது தற்செயல் ஆகாது என்பது அடியேன் துணிபு. சொல்லை எண்ணி இடுபவர் மாமுனிகள். அநுமதி பெற்ற உரை, பெறாத உரை என்ற வேறுபாட்டை அவர் அறிந்திருக்கிறார். அறிந்தும், பெறாதவற்றைத் தாழ்த்தவில்லை. வாழ்நாள் முழுதும் அவர் காலக்ஷேபம் சொல்லி வளர்த்தது அநுமதியின்றி எழுதப்பட்ட அந்த ஈட்டைத்தான்.

அநுமதி பெற்று எழுதிய நஞ்சீயரின் ஏட்டுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லி, அநுமதியற்ற ஈட்டைப் பின்பு பார்க்கலாம்.

பட்டரிடம் கேட்ட பொருள்களைத் திரட்டி நஞ்சீயர் ஒன்பதினாயிரப்படியை எழுதிமுடித்தார். அதை நல்ல எழுத்தில் படியெடுத்து வைக்க விரும்பி, ஏற்றவர் யார் என்று வினவினார். நம்பூர் வரதராசன் என்பவரைச் சீடர்கள் காட்டினார்கள். அவர் எழுதிக்காட்டிய எழுத்து அழகாகவே இருந்தது. ஆயினும் இத்தகைய நூலை அதன் பொருளில் ஈடுபட்ட ஒருவர் எழுதவேண்டாவோ என்று ஜீயர் தயங்கினார். அத்தயக்கத்தைக் குறிப்பால் அறிந்த வரதராசன், அடியேனை அப்படிப்பட்டவனாக ஆக்கியருள வேண்டும் என்று விண்ணப்பித்தார். ஜீயர் அவருக்குப் பஞ்சஸம்ஸ்காரம் செய்து, ஒன்பதினாயிரத்தை ஒருமுறை முழுவதும் சொல்லி, அதன் பிறகே ஏட்டைக் கையில் கொடுத்தார். படியெடுக்க வந்தவருக்கு நூல் முழுவதையும் கற்பித்தே ஏட்டைக் கொடுத்தார் என்னும் இச்சிறு செய்தி பின்னால் எல்லாவற்றையும் காத்தது.

தம் ஊருக்குச் சென்று எழுதிவருவதாக விடைபெற்ற வரதராசன் காவிரியைக் கடக்கும்போது, வழியில் நீந்தவேண்டியதாயிற்று. தலையில் கட்டிக்கொண்ட ஏடு ஓர் அலையில் போயிற்று. படிக்கணக்கைக் கொண்டு பார்த்தால் 2,88,000 எழுத்துகள். அக்காலத்தில் அதற்கு வேறு படி கிடையாது. கரை ஏறிய வரதராசன், ஆசார்யன் திருவடிகளை நினைத்து, கேட்டது கேட்டபடியே எழுதத் தொடங்கினார். தமிழில் தேர்ந்தவர் ஆகையால், சொல்லுக்குப் பொருந்தும் சிறப்புப் பொருள் தோன்றிய இடங்களில் அதையும் சேர்த்தார். எழுதி முடித்து ஜீயரிடம் ஸமர்ப்பித்தார்.

ஜீயர் ஏட்டை அவிழ்த்துப் பார்த்தார். தாம் சொன்னபடியே இருந்தது. சிற்சில இடங்களில் தாம் சொன்னதினும் மிக்க பொருள் இருந்தது. இது எங்ஙனே வந்தது என்று கேட்டார். வரதராசன் அஞ்சி வாய் திறவாதிருந்தார். அஞ்சாதே சொல்லும் என்று தேற்றிக் கேட்டபின், ஆறு கொண்டுபோனதையும் தாம் எழுதியதையும் உள்ளபடி சொன்னார். ஜீயர் எடுத்தணைத்து, நம்முடைய பிள்ளை திருக்கலிகன்றிதாஸர் என்று பெயரிட்டார். அன்றுமுதல் அவர் நம்பிள்ளை.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நாம் இன்று ஓதும் ஒன்பதினாயிரப்படி, இவ்வரலாற்றின்படி, வரதராசன் நினைவிலிருந்து எழுதியதே. ஆயினும் அது நஞ்சீயர் திருநாமத்தாலேயே வழங்குகிறது. சிறப்புப் பொருள்கள் எவை என்று தனியே குறிக்கப்படவும் இல்லை. பல்கலைக்கழக விதிகளை இதன்மேல் வைத்துப் பார்த்தால், ஆசிரியர் யார் என்ற கேள்விக்கே விடை கிடையாது. ஆனால் வரலாறு மறைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏட்டில் யார் பெயர் உள்ளதோ அவருடைய பரம்பரையே, ஏட்டை மீட்டவர் யார் என்பதைச் சொல்லிவைத்தது. தம் ஏடு தொலைந்த கதையையும், சீடர் தம்மினும் மிக்குச் சொன்ன கதையையும் அந்த ஆசார்யர் மறைக்க விரும்பியிருந்தால் இன்று நமக்கு அவை தெரிந்திரா.

நம்பிள்ளையின் காலத்துக்கு வருவோம். திருவரங்கத்தில் அவருடைய காலக்ஷேபத்துக்குக் கூடிய திரளைக் கண்டு, இது நம்பிள்ளை கோஷ்டியோ நம்பெருமாள் கோஷ்டியோ என்று வியந்தவர் உண்டு. அவர் நியமனத்தால் பெரியவாச்சான் பிள்ளை இருபத்துநாலாயிரத்தை எழுதினார். மற்றொரு சீடரான வடக்குத் திருவீதிப்பிள்ளையோ பகலில் கேட்டதை இரவில் ஏட்டில் எழுதிவைத்துக்கொண்டே வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவர் திருமாளிகைக்கு நம்பிள்ளை எழுந்தருளியபோது ஏட்டுக்கட்டுகள் கண்ணில் பட்டன. எடுத்துப் பார்த்தார். தாம் சொன்ன ஒரு சொல்லும் வழுவாமல் இருந்தது. உகந்தார், உடனே, நம்மிடம் கேளாமல் இதை ஏன் செய்தீர் என்றும், பெரியவாச்சான் பிள்ளையின் உரைக்குப் போட்டியாகவோ என்றும் கேட்டார். பிள்ளை திருவடிகளில் விழுந்து, மறவாமைக்காகவே எழுதினேன் என்றார்.

ஏட்டைத் தாரும் என்று நம்பிள்ளை வாங்கிக்கொண்டார். பரப்பவில்லை, கிழிக்கவும் இல்லை. ஈயுண்ணி மாதவர் நம்பெருமாளை வேண்டி, அவன் நியமனத்தின்பேரில் அதைப் பெற்றார் என்று வரலாறு கூறும். மாதவர் தம் திருக்குமாரர் பத்மநாபருக்குச் சொன்னார். அவரிடமிருந்து நாலூர்பிள்ளை, அவரிடமிருந்து நாலூராச்சான் பிள்ளை, அவரிடமிருந்து திருவாய்மொழிப்பிள்ளை என்று, ஓராண் வழியாகவே பெரும்பாலும் இறங்கி, மணவாள மாமுனிகளிடம் வந்து சேர்ந்தது. மாமுனிகள் அதை நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டுக்காலம் சொன்னதும், அதன் சாற்றுமுறையன்று தனியன் பிறந்ததும் யாவரும் அறிவர்.

இன்றைய ஆய்வேடு ஏற்கப்பட்டவுடன் ஷோத்கங்கா என்னும் மின்களஞ்சியத்தில் ஏறிவிடுகிறது. உலகில் எவரும் திறந்து படிக்கலாம். ஈடோ பல தலைமுறை பெட்டியிலும் நினைவிலும் இருந்தது. இரண்டில் எது நன்று என்று அடியேன் வாதிக்க வரவில்லை. மறைத்துவைத்ததால் மரபு இழந்த ஏடுகளும் உண்டு. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் உரை எழுதி, பழைய உரை எஞ்சியிருந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். முழுவதற்கும் தாமே எழுதும் ஆற்றல் அவருக்கு இல்லை என்று எவரும் சொல்லார்.

இதே மாமுனிகள் ஈட்டுக்குப் பிரமாணத் திரட்டும் தொகுத்தார். நம்பிள்ளை பேச்சின் ஓட்டத்தில் எடுத்துக்காட்டிய வேத, இதிஹாஸ, புராண வாக்யங்கள் இன்ன நூலில் உள்ளன என்று தேடித் தொகுத்த வேலை அது. மேற்கோள் விளக்கம் தயாரிப்பதைக் கடைநிலைப் பணி என்று அலுத்துக்கொள்ளும் மாணவர்களுக்கு அடியேன் இதைச் சொல்லுவதுண்டு. உபதேசரத்தினமாலையின் முடிவுப் பகுதியில், முன்னோர் சொன்ன முறையைக் கேட்டுணராமல் தம் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லி, இதுவே தூய உபதேச வழி என்று கூறுவோரை அவர் கடிந்திருக்கிறார். அக்கடிதல் புதுப்பொருள் கண்டவர்மேல் அன்று என்பதை வரதராசன் வரலாறு காட்டும். தோன்றியதைக் கேட்டதாகச் சொல்லும் பொய்யின்மேலே அது பாய்கிறது.

ஈட்டைத் திறந்தால் பட்டர் அருளிச்செய்வர், ஜீயர் அருளிச்செய்வர், ஆழ்வான் பணிக்கும்படி என்று திருநாமங்கள் வரிசையாக வரும். யார் கேட்டார், யார் விடை சொன்னார், எந்தச் சூழலில் என்பதுவரை பதிவு உண்டு. ஏட்டில் எழுதப்படாமல் வாயால் மட்டும் வழங்கிய சொல்லுக்கும் உரியவர் பெயரைச் சேர்த்துவைத்த மரபு இது. பல்கலைக்கழகம் கேட்கும் நேர்மையும் இதுவே அல்லவா? பிறர் கருத்தைப் பிறர் பெயரோடு சொல், உன் கருத்தை உன் பெயரோடு சொல் என்பதற்கு மேல் அந்த உறுதிமொழித்தாள் வேறொன்றும் கேட்கவில்லை. ஆகவே கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன உறுத்தல் பெரும்பாலும் அடியேனுடைய மயக்கமே என்று ஒப்புக்கொள்கிறேன்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். ஓரிடத்தில் பிணக்கு மெய்யானது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள், ஒப்புமை பத்து விழுக்காட்டைக் கடந்தால் திருத்தி ஒப்படைக்கச் சொல்லுகின்றன. நாற்பதைக் கடந்தால் ஓராண்டு ஒப்படைக்கவே முடியாது. அறுபதைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். முறைப்படி சான்று காட்டிய மேற்கோள்கள் இக்கணக்கில் சேரா. நல்ல விதிதான். ஆனால் சான்று காட்டுவது என்றால் அச்சிட்ட நூலின் பெயரும் பக்க எண்ணும் என்றே நம்மில் பலர் பழகிவிட்டோம். செவிவழி வந்த பொருளுக்குப் பக்க எண் ஏது? ஒரே காலக்ஷேபத்திலிருந்து பிறந்த இருபத்துநாலாயிரத்தையும் ஈட்டையும் இன்றைய ஒப்புமை மென்பொருளில் இட்டால், பல இடங்களில் ஒத்தே நடக்கும் அவ்விரண்டில் எது எதைத் திருடியது என்று அது சொல்லும் என நினைத்துச் சிரித்ததுண்டு. பின்னால் அடியேனே அந்த மென்பொருளினும் மோசமாக நடந்துகொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் ஈட்டில் வரும் ஆசார்யர் ஐதிஹ்யங்களைப் பற்றி அடியேனிடம் ஆய்வு செய்தார். ஆய்வுக்கு வருமுன்பே, கிராமத்தில் வாழ்ந்த ஒரு பெரியவரிடம் நெடுநாள் காலக்ஷேபம் கேட்டவர் அவர். நம்பிள்ளை ஏட்டை ஸமர்ப்பித்த இடத்தைப் பற்றிய இயலில் ஒரு பத்தி எழுதி, அது அந்தப் பெரியவரிடம் கேட்டது என்று குறித்திருந்தார். பெரியவர் தம் திருநாமத்தை அச்சில் இடவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பெயரும் இல்லை, நூலும் இல்லை, பக்கமும் இல்லை. புறத்தேர்வாளர் இதைக் கட்டாயம் கேட்பார், வாய்மொழித் தேர்வில் இதற்கு விடை சொல்லமுடியாது, நீக்கிவிடும் என்று சொன்னேன். (திருவாய்மொழி பற்றிய ஏட்டுக்கு வாய்மொழித் தேர்வு, அதில் வாய்மொழியாகக் கேட்டதற்கு இடமில்லை!) அந்தப் பொருள் யாருடையது, எப்போது கேட்டது, அதில் உம்முடைய சிந்தனை எவ்வளவு என்று ஒரு கேள்வியும் அடியேன் கேட்கவில்லை. அவர் மறுப்பு ஒன்றும் சொல்லாமல் நீக்கினார். பட்டம் கிடைத்தது. தேர்வாளர் அந்த இயலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பெரியவர் பின்பு ஆசார்யன் திருவடி அடைந்தார். அவர் எதையும் எழுதிவைத்தவரல்லர். சென்ற ஆண்டு ஒரு திருநக்ஷத்திர கோஷ்டியில் அந்த அம்மையாரைக் கண்டபோது, அடியேன் கேட்டுக்கொண்டதன்பேரில், பழைய குறிப்புப் புத்தகத்தைத் தேடி அந்தப் பத்தியைப் பெயர்த்து அனுப்பினார். அவர் இசைவோடு அதன் பொருளை இங்கே தருகிறேன்.

இது எங்ஙனே வந்தது என்று ஜீயர் கேட்டபோது வரதராசன் வாய் திறவாதிருந்ததற்கு அச்சம் என்று காரணம் சொல்லப்படுகிறது. ஏடு தொலைந்த அச்சம் என்றே எல்லாரும் கொள்வர். அந்தப் பெரியவர் வேறுவிதமாக நிர்வஹித்தாராம். சிறப்புப் பொருளைத் தம்முடையது என்று வரதராசன் சொன்னால் அது அஹங்காரம். ஆசார்யனுடையது என்று சொன்னால், ஆசார்யன் சொல்லாததை அவர்மேல் ஏற்றிச் சொன்ன பொய். இரண்டுக்கும் நடுவே சீடனுக்குச் சொல் கிடையாது; ஆகையால் பேசாதிருந்தார். அந்த இடத்தில் சீடன் தானே வாய் திறக்க வழியில்லை ஆகையால், கேட்டு வெளிப்படுத்துவது ஆசார்யனுடைய பொறுப்பாயிற்று. ஜீயர் ஒருமுறை கேட்டு விடாமல், தேற்றி மறுபடியும் கேட்டது அதனால்தான் என்பது அவர் நிர்வாஹம்.

குறிப்புப் புத்தகத்தில் இதன் கீழே, கேட்ட நாளின் திதியும், ஸ்வாமி இரண்டுதரம் சொன்னார் என்ற ஒரு வரியும் இருக்கின்றன. தம்முடைய கருத்தாக அந்த அம்மையார் அங்கே ஒன்றும் எழுதவில்லை. அதையும் இம்முறை கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, மறுபடியும் என்ற சொல்லை அழுத்திச் சொன்னது மட்டும் தாம் சேர்த்தது என்றார்.